தார்ப்பாய்க்கு அடியில் பதினொரு பேர்

ஜூலை 4

அன்புள்ள அண்ணா,

முதலில் ஒரு நிபந்தனை. இதைப் படித்ததும் வீட்டுக்குக் கூப்பிடாதே, செய்தியும் அனுப்பாதே. நம் வீட்டில் இருப்பது ஒரே ஃபோன். அதில் உன் பெயர் வந்தால் அப்பா டயர் கடையில் இருக்கிற எல்லோரையும் கூட்டிவைத்து உரக்கப் படிப்பார். பதிலைக் கடிதமாக எழுதி, என் வகுப்பு ஒல்லியின் விலாசத்துக்கு அனுப்பு. அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கணக்கு நோட்டுக்கு அடியில் இந்தத் தாளை வைத்து எழுதுகிறேன். அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தால் நான் முக்கோணம் வரைந்துகொண்டிருப்பேன்.

விஷயம் உன் சிக்னல்.

உங்கள் கம்பெனி எங்கள் பள்ளி வாசலில் கேமரா சிக்னலை வைத்ததிலிருந்து அப்பா தரையில் நடப்பதில்லை. பஞ்சர் ஒட்ட வருகிறவர்களை எல்லாம் வாசலுக்கு இழுத்து வந்து காட்டுகிறார். "பொத்தான் கிடையாது, கொடி பிடிக்க ஆள் கிடையாது. ரோட்டுல ஒரு ஆள் இருந்தாலும் வண்டிக்குச் சிவப்பு. எல்லாம் எம்பையன் சொல்லிக்கொடுத்தது" என்பார். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கும்போதும் ஒரு கண் சிக்னலில்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மழை. சின்னப் பிள்ளைகளின் வகுப்பு ரோட்டுக்கு அந்தப் பக்கம், சாப்பாட்டுக் கூடம் இந்தப் பக்கம். குடை கொடுத்தால் ஒருவர் கண்ணில் ஒருவர் குத்திக்கொள்கிறார்கள் என்று அவர்கள் டீச்சர் அப்பாவிடம் ஒரு பழைய லாரி தார்ப்பாயைக் கேட்டு வாங்கி, நீளமாக வெட்டித் தைத்து வைத்திருக்கிறார். நீ ஊரை விட்டுப் போன பிறகு வந்த ஏற்பாடு இது. பிள்ளைகள் அதற்கு அடியில் வரிசையாகப் புகுந்து, முன்னால் இருப்பவர் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். டீச்சர் குடையோடு முன்னே நடப்பார். வெளியே தெரிவது நீலத் தார்ப்பாயும் கீழே குட்டிக் குட்டிச் செருப்புகளும்தான். அவர்கள் இதற்கு ரயில்பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் அந்த வகுப்பில் யாருமே லீவு போடுவதில்லை.

அன்று டீச்சர் இந்தப் பக்கம் நடைபாதையில் ஏறிவிட்டார். ரயில்பூச்சியின் பெரும்பகுதி இன்னும் நடு ரோட்டில். அப்போது ஒரு லாரி வந்தது. பிரேக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பம்பருக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்திருக்கும். பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா கையில் டயர் நெம்பியோடு ஓடி வந்து டிரைவரின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"சிவப்புல வர்றியே, கண்ணு என்ன பின்னாடியா இருக்கு?"

"பச்சைங்க. சத்தியமா பச்சைதாங்க இருந்துச்சு."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சிவப்புதான் எரிந்தது. அப்பா சொன்னார், "மனுஷன் பொய் சொல்வான். எம்பையன் சிக்னல் சொல்லாது." லாரி முதலாளிக்கு அவரே ஃபோன் செய்து புகார் சொன்னார். டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்களாம்.

அண்ணா, அது பச்சைதான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் சிவப்பானது. என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. உன் சிக்னலாயிற்றே. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. என்ன நடந்தது என்று நீ கொஞ்சம் பார்த்துச் சொல்வாயா?

வாண்டு


ஜூலை 9

அன்புள்ள வாண்டு,

கடித உறை எங்கே விற்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. கடைக்காரர் என்னை அருங்காட்சியகத்திலிருந்து தப்பி வந்தவன்போலப் பார்த்தார். ஒல்லியின் அம்மா பிரித்துப் படித்துவிட்டால் என் மானம் போகும். எனவே, ஒல்லியின் அம்மா, வணக்கம், இது சின்னப் பெண்ணின் கற்பனை.

நீ பயந்தாங்கொள்ளி என்பது தெரியும். கரப்பான்பூச்சிக்காக ஒரு வாரம் சமையலறைக்குள் போகாதவள் நீ. ஆனாலும் கேட்டாய் என்பதற்காக அன்றைய பதிவை எடுத்துப் பார்த்தேன். கேமரா எடுக்கும் படங்கள் அங்கேயே அழிந்துவிடும், ரோட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும் எங்களுக்கு வரும். நீ பார்த்தது சரி, லாரிக்குப் பச்சைதான் விழுந்திருக்கிறது. ஆனால் சிக்னல் மேல் தப்பில்லை. பதிவு இப்படிச் சொல்கிறது: ஒருவர் ரோட்டில் இறங்கினார், கடந்து முடித்தார், ரோட்டில் ஆள் இல்லை, வண்டிகளுக்குப் பச்சை. அதன் பிறகு திடீரென்று பதினொரு பேர் ரோட்டில். உடனே சிவப்பு. அதாவது டீச்சர் கடந்த பிறகு பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார், அவர்கள் பச்சையில் ஓடி வந்திருக்கிறார்கள். இமைக்கும் நேரத்தில் சிவப்பாக்கி அவர்களைக் காப்பாற்றியதே சிக்னல்தான். மனிதர் யாராலும் அந்த வேகத்தில் முடியாது.

அப்பாவிடம் இதைச் சொல்லாதே. டயர் நெம்பியோடு டீச்சர் வீட்டுக்குப் போய்விடுவார்.

அடுத்த மாதம் அங்கே கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப்போகிறது. இந்தச் சிக்னலை இன்னும் அறுபது பள்ளிகளில் வைக்கலாமா என்று அரசு வாரியம் முடிவு செய்யும். இரண்டு வருட உழைப்பு, வாண்டு. தூங்கு. சோறு தின்னு.

அண்ணன்


ஜூலை 13

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை ஒல்லி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். "ரோட்டில் ஆள் இல்லை" என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

ஆள் இல்லையா? பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். நான் எண்ணிப் பார்த்த பிள்ளைகள், அதில் இரண்டு பேருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "திடீரென்று பதினொரு பேர்" என்று எழுதியிருக்கிறாயே, வானத்திலிருந்தா குதித்தார்கள்? அவர்கள் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தார்கள். உன் கேமராவுக்கு அவர்கள் தெரியவே இல்லை. டீச்சர் ஒருவர்தான் தெரிந்தார். அவர் ஏறியதும் ரோடு காலி என்று நினைத்துவிட்டது. நீ அனுப்பிய சாட்சியே உன் சிக்னலுக்கு எதிரான சாட்சி. எனக்குப் பயமா சந்தோஷமா என்று தெரியவில்லை.

இனி நான் எழுதுவதைப் படித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே.

ஒன்று: தார்ப்பாயை நான் திருடிவிட்டேன். அடுத்த மழைக்கு டீச்சர் அதை எடுத்தால் என்ன ஆகும்? "மடிப்பெல்லாம் பூஞ்சை பிடிச்சிருக்கு டீச்சர், வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தேன். "வெயில்ல போட்டா சரியாயிடும், நீ பாடத்தைப் பாரு" என்றார். அதனால் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு எடுத்து வந்து நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். மறுநாள் மழையில் சின்னப் பிள்ளைகள் ரயில்பூச்சி வேண்டும் என்று அழுதார்கள். பெரிய வகுப்பு அக்காக்கள் ஆளுக்கு ஒருவரைக் குடையில் தூக்கிப் போனோம். என் இடுப்பில் உட்கார்ந்திருந்த பொடியன், "ரயில்பூச்சியை யாரோ திருடன் எடுத்துட்டான்கா. போலீஸ் புடிச்சு அடிக்கும்" என்று ஆறுதல் சொன்னான்.

இரண்டு: சோதனை செய்துவிட்டோம். இன்று ஞாயிறு. குழாய் பதிக்க ரோட்டின் இரண்டு முனையையும் அடைத்திருந்தார்கள், ஒரு வண்டிகூட வர வழியில்லை. ஆனால் சிக்னல் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. ஒல்லி, நான், இன்னும் மூன்று பேர். குழாய்க்காரர், "என்ன பாப்பா, சினிமா எடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

தலை வெளியே தெரிய நடந்தோம். சிவப்பு. நின்று கதை பேசினோம். அப்போதும் சிவப்பு, எவ்வளவு மரியாதை. தார்ப்பாய்க்குள் குனிந்து உட்கார்ந்தோம். உள்ளே டயர் நாற்றம், வேர்வை, ஒல்லியின் முழங்கை என் விலாவில். ஒருத்தி நடைபாதையில் நின்று பார்த்துச் சொல்லவேண்டும். பிறகு அவள் குரல் கிரீச்சென்று கேட்டது: "பச்சைடி."

மறுபடி செய்தோம். பச்சை. ஒல்லி ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினாள். பச்சைதான். தலையை நீட்டினாள். உடனே சிவப்பு. உள்ளே போனாள், பச்சை. நாங்கள் சிரித்தோம் அண்ணா, வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு பெரிய கம்பெனியின் கண்ணை ஒரு கிழிந்த தார்ப்பாயால் கட்டிவிட்டோம். வீட்டுக்கு வரும் வழியில்தான் பயம் வந்தது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்த அதே இடத்தில்தான் செவ்வாய்க்கிழமை லாரி நின்றது.

மூன்று: அந்தக் கூட்டத்துக்காக எங்கள் பள்ளியில் ஆளுக்குப் பத்துப் பேரிடம் கருத்துக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். யோசிக்கிற மெஷின்களை நம்பலாமா, கம்பெனிகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா, தப்பு நடந்தால் யார் பொறுப்பு. நான் அப்பா கடையிலேயே உட்கார்ந்து கேட்கிறேன். பஞ்சர் ஒட்டும்வரை அவர்களால் ஓட முடியாது.

முடி திருத்துபவர் சொன்னார், மெஷின் நல்லதுதான், ஆனால் சவரக் கத்தியோடு கிட்டே வந்தால் முதல் தலை அதைச் செய்தவனுடையதாக இருக்கவேண்டுமாம். பஸ் கண்டக்டர், "கம்பெனிக்காரங்க தனித்தனியா நல்லவங்கதான்மா. ஒண்ணா உட்கார்ந்து டீ குடிச்சா மாறிடறாங்க" என்றார். தையல்கார அக்காவுக்கு மெஷின்தான் புதுப் புது டிசைன் போட்டுக் கொடுக்கிறதாம். அதற்கு யாராவது சட்டம் போட்டுக் கெடுத்தால் ஊசியோடு வருவாராம். பேக்கரிக்காரருக்குக் கம்பெனி மேலும் நம்பிக்கை இல்லை, சட்டம் போடுகிறவர்கள் மேலும் இல்லை. "ஃபோன்ல எழுத்தைப் பெருசாக்கவே பேரனைக் கூப்பிடறவங்க, இதுக்கு என்ன சட்டம் போடுவாங்க?"

அம்மாவை மருத்துவமனைச் சீட்டுக் கவுண்ட்டர் வேலையிலிருந்து வந்ததும் பிடித்தேன். "மாத்திரைக்குச் சோதனை இருக்கு. குக்கருக்கு முத்திரை இருக்கு. ரோட்டுல நிக்கற மெஷினுக்கு மட்டும் எதுக்கு இல்ல?" என்றாள். அப்பா உடனே குறுக்கே பாய்ந்தார். "எதுக்குச் சோதனை? அதான் நம்ம பையன் இருக்கானே."

நான் குனிந்து எழுதிக்கொண்டேன்.

நீ என்ன செய்யப்போகிறாய்?

வாண்டு


ஜூலை 17

வாண்டு,

அடைத்த ரோடோ அடைக்காத ரோடோ, நடு ரோட்டில் போர்வை போர்த்தி உட்கார உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? தடுப்பை நகர்த்திவிட்டு ஒருத்தன் பைக்கில் நுழைந்திருந்தால்? இனி ஒருமுறை செய்தாய் என்றால் நானே அப்பாவுக்கு ஃபோன் போடுவேன். ஒல்லியிடமும் சொல்.

திட்டி முடித்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். நீ சொல்வது பொய்யாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றால் நம்புவாயா? எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் சோதனைக்காகக் கோடு போட்ட ஒரு சின்ன ரோடு இருக்கிறது. பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து ஒரு தார்ப்பாய் வாங்கி வந்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு ஆறு இன்ஜினியர்கள் அதற்குள் குனிந்து, ஒருவர் பின்னால் ஒருவர் நடந்தோம். காவலாளி ஃபோனில் படம் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். பச்சை விழுந்தது. காவலாளியைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

காரணம் எளிது. இந்தச் சிக்னலுக்கு லட்சக்கணக்கான படங்களைக் காட்டி, இது ஆள், இது நாய், இது வண்டி, இது சரக்கு என்று பழக்கினோம். தார்ப்பாய் வந்த படங்களில் எல்லாம் அதன் அடியில் சரக்குதான் இருந்தது. எந்தப் படத்திலும் பிள்ளைகள் இல்லை. மேலே தார்ப்பாய் தெரிந்தால் கீழே தெரியும் செருப்பை அது பொருட்படுத்துவதில்லை. ரயில்பூச்சியை உங்கள் டீச்சரைத் தவிர உலகத்தில் யாரும் யோசித்ததில்லை.

மேலதிகாரியிடம் வீடியோவைக் காட்டினேன். வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். எங்களுக்குள் அவர் பெயரே கோட்டு. பார்த்துவிட்டு, "ஊர்ல இருக்கிற எல்லாப் பிள்ளைங்களுமா பூச்சியா ஊர்ந்து போகுது?" என்றார். சரிசெய்துவிடலாம், ஆனால் கூட்டம் முடிந்து உரிமம் வந்த பிறகு. அதுவரை இந்தப் பேச்சு வெளியே போகக்கூடாது. இந்தச் சிக்னல் வந்த பிறகு இத்தனை ஊர்களில் விபத்து குறைந்திருக்கிறது, ஒரு தார்ப்பாய்க்காக எல்லாவற்றையும் நிறுத்தினால் அதனாலும் பிள்ளைகள் அடிபடுவார்கள் என்றார். அதுவும் பொய்யில்லை, வாண்டு. அதுதான் கஷ்டம்.

கூட்டத்தில் சிக்னலை விளக்கப்போவது நான்தான். நான் பிறந்த ஊர் என்பதால் என்னை அனுப்புகிறார்கள். தார்ப்பாய் உன்னிடம் பத்திரமாக இருக்கிறது, உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது ஆபத்தில்லை. எனவே அவசரமும் இல்லை. உள்ளே இருந்தபடியே நான் சரிசெய்கிறேன். கொஞ்சம் பொறு. உன் பத்துக் கருத்தில் இது வேண்டாம்.

இதைக் கேட்கும்போது எனக்கே நன்றாக இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணன்


ஜூலை 21

அண்ணா,

"அவசரம் இல்லை" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இங்கே தார்ப்பாயை நான் ஒளித்து வைத்திருக்கிறேன். அந்த அறுபது பள்ளிகளுக்கும் போய் நான் எதையெல்லாம் ஒளித்து வைப்பது? அங்கே எந்த டீச்சர் என்ன யோசித்து வைத்திருக்கிறாரோ. ஒரு பள்ளியில் பெஞ்சைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு பள்ளியில் நாடகத்துக்கு யானை வேஷம் போட்டுக்கொண்டு நான்கு பேர் போவார்கள். அதெல்லாம் உன் கோட்டுக்குத் தெரியுமா? உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அதனால்தானே யாராவது முதலில் போய்ப் பார்க்கவேண்டும்.

நானும் இந்தச் சிக்னலை வெறுக்கவில்லை. கொடி பிடிக்கும் அக்கா லீவு போட்ட நாட்களில் நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது எனக்கு மறக்கவில்லை. மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தெரியாதது எது என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்த லாரி டிரைவர் நேற்று அப்பா கடை வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு இல்லை. "அண்ணே, நான் பச்சைன்னு சொன்னதை ஒருதடவை யோசிச்சுப் பாருங்க. உங்க ஒரு ஃபோன்ல என் வண்டி போச்சு" என்றார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு காற்று அடிக்கப் போய்விட்டார். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தண்டனை.

இன்னொரு செய்தி. எல்லோருடைய தாள்களையும் பார்த்துவிட்டு, கூட்டத்தில் படிக்க என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். என் பெயரைச் சொன்னதும் சந்தோஷத்தில் பெஞ்சில் முட்டிக்கொண்டேன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மேடையில் ஒரு பக்கம் பையன், ஒரு பக்கம் பொண்ணு. முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று சட்டையை இப்போதே இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். ராத்திரி அந்தச் சட்டையைப் பார்த்தாலே எனக்கு அழுகை வருகிறது.

என்னிடம் ஒன்பது கருத்து இருக்கிறது. பத்தாவது இடம் காலியாக இருக்கிறது. நீ வேண்டாம் என்று சொன்னால் வேறு யாரிடமாவது கேட்டு நிரப்பிவிடலாம். நீ வேண்டாம் என்று சொல்லாதே.

வாண்டு


ஜூலை 25

வாண்டு,

வேண்டும் என்று சொல்லத் தைரியம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. உனக்குத் தோன்றியதைச் செய்.

ஒன்று மட்டும். கூட்டத்தில் என்னை அண்ணா என்று கூப்பிடாதே. நான் சொல்லிக்கொடுத்து நீ பேசுவதாக வாரியத்தாரும் நினைக்கக்கூடாது, உன்னைக் காப்பாற்ற நான் பேசுவதாகவும் யாரும் நினைக்கக்கூடாது.

அண்ணன்


ஆகஸ்ட் 3

அன்புள்ள வாண்டு,

கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் பஸ் ஏறிவிட்டேன் என்று அம்மா அழுதிருப்பாள். என்னால் முடியவில்லை. வாரியத்தின் அந்த அதிகாரி அம்மா என்னிடம் கேட்ட நேரத்தில் நான் முன்வரிசையைப் பார்த்தேன். பதில் சொல்லி முடித்துவிட்டு மறுபடி பார்த்தபோது அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் கதவைத் தாண்டிப் போவதை மட்டும் பார்த்தேன். ஊருக்கு முன்னால் அவர் தலையைக் குனிய வைத்துவிட்டேன். அந்த முதுகுக்குப் பின்னால் எப்படி நடந்து வருவேன்?

இங்கே வந்ததும் கோட்டு ஒரு தாளை நீட்டினார். பின்பக்க ரோட்டில் நான் செய்த சோதனை அனுமதி இல்லாதது, முறையாக நடக்கவில்லை, அதை நம்ப முடியாது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போடவேண்டுமாம். போட்டால் வேலை இருக்கும். என்னோடு குனிந்து நடந்த ஐந்து பேரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போடவில்லை. அன்று மதியமே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

விசித்திரமாக இருக்கிறது, வாண்டு. பயந்து சாகவேண்டிய நேரத்தில், தெருவில் நின்று சிரித்தேன். இரண்டு வருடம் அந்தச் சிக்னலின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் ரோட்டில் போகிறவர்களை எல்லாம் நின்று பார்க்கிறேன். ஒருவர் கதவைத் தலையில் வைத்துக்கொண்டு போகிறார். ஒருவர் நாய்க்குட்டியைச் சட்டைக்குள் போட்டு, அதன் தலை மட்டும் வெளியே தெரியப் போகிறார். இதெல்லாம் நாங்கள் காட்டிய படங்களில் இல்லை. மனிதர்கள் எத்தனை விதமாக நடக்கிறார்கள்.

வாரியத்திலிருந்து வீடியோ கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இனி எந்தப் பள்ளியில் வைப்பதானாலும், முதலில் அந்தப் பிள்ளைகள் வெயிலிலும் மழையிலும் எப்படிக் கடக்கிறார்கள் என்று நேரில் பார்த்த பிறகுதான் வைக்கவேண்டும் என்று எழுதப்போகிறார்களாம். அதை எழுத உதவ முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். வேலையா உதவியா என்று இன்னும் தெரியாது.

அறையைக் காலி செய்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறிச் சனிக்கிழமை காலை அங்கே வருகிறேன். என் வேலை போனதை அப்பாவிடம் நீ சொல்லவேண்டும், நான் வருவதற்கு முன்னால். கோபப்பட்டு முடிக்க அவருக்கு நேரம் வேண்டும். எல்லாக் கஷ்டத்தையும் உன் தலையில் கட்டுகிறேன் என்று தெரியும். நீதான் எங்கள் வீட்டிலேயே தைரியசாலி என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

அண்ணன்


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணா,

இது உனக்கு வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கவேண்டும் என்பதற்காக விரைவுத் தபாலில் போடுகிறேன். ஃபோன் செய்யலாமே என்பாய். ஃபோனில் என்னால் இதையெல்லாம் சொல்ல முடியாது.

உனக்குத் தெரிந்த கூட்டத்தையே திரும்ப எழுதுகிறேன் என்று நினைக்காதே. இது நீ பார்க்காத பக்கம்.

முதலில் ஒன்பது கருத்தையும் படித்தேன். முடி திருத்துபவர் சொன்னதற்குக் கோட்டுகூடச் சிரித்தார். பத்தாவது கருத்து என்னுடையது என்று சொன்னேன். நீ உன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதிகாரி அம்மா, "சொல்லும்மா" என்றார். தார்ப்பாயைத் திருடியது நான்தான் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். கூட்டத்தில் டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார். லாரி, பச்சை, டிரைவர், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டு மைக்கை வாங்கி, பதிவில் அப்படி எதுவும் இல்லை, சின்னப் பெண் பயந்துவிட்டாள் என்றார். அப்போதுதான் அந்த அம்மா உன் பக்கம் திரும்பினார்.

"அந்த நேரத்துல பதிவு என்ன சொல்லுது?"

"ரோட்டுல ஆள் இல்லைன்னு சொல்லுது."

"அப்ப பிள்ளைங்க எங்க இருந்தாங்க?"

கோட்டு உன் கையை லேசாகத் தட்டினார், அதைப் பார்த்தேன். பிறகு நீ சொன்னாய்: "தார்ப்பாய்க்கு அடியில. பதினொரு பேரும் அங்கதான் இருந்தாங்க. நாங்களும் செஞ்சு பார்த்துட்டோம். எங்கிட்ட வீடியோ இருக்கு."

கத்தவேண்டும்போல இருந்தது. நீ அண்ணா என்று கூப்பிடாதே என்றதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில்தான் அப்பா எழுந்து போனார். கோபித்துக்கொண்டு போனார் என்று நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் அவர் இல்லை. கடையும் பூட்டியிருந்தது. அவர் நேராக லாரி ஷெட்டுக்குப் போயிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது அந்த டிரைவர். முதலாளி முன்னால் போய் நின்று, "நான் சொன்னது தப்பு. இவர் சொன்னதுதான் நிஜம். இவர் பிரேக் போடலைன்னா இன்னைக்குப் பதினொரு வீட்டுல இழவு" என்றாராம். டிரைவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "உங்கப்பா அன்னைக்குப் புடிச்ச அதே சட்டையைத்தான் போட்டிருந்தேன். பிஞ்சு தொங்கின பித்தானை அவரே பார்த்துட்டு, தச்சுத் தரேன்னாரு." திங்கட்கிழமை முதல் அவருக்கு வண்டி கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அப்பா சிக்னலைக் காட்டுவது நின்றுவிட்டது. அதை இப்போது சாதாரண நேரக் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள், கொடி அக்காவும் திரும்ப வந்துவிட்டார். நேற்று கண்டக்டர் ட்யூபோடு வந்து, "என்னங்க, பையன் வெச்ச சிக்னலைப் பொண்ணே அணைச்சுட்டாளாமே" என்று சீண்டினார். அப்பா நிமிராமலே, "ரெண்டுக்கும் ஒரே அப்பன்தான்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. கண்டக்டருக்கும் புரியவில்லை.

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் சொல்லிவிடவேண்டும், ராத்திரிவரை வைத்திருந்தால் பயந்து விழுங்கிவிடுவேன் என்று நேராகக் கடைக்குப் போனேன். அப்பா சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றி வளைவு பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்திலிருந்தே மூச்சு விடாமல் சொன்னேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், நீ போடவில்லை, வேலை போய்விட்டது, அறையைக் காலி செய்கிறாய், வீட்டுக்கு வரப் பயப்படுகிறாய், இவ்வளவு நாளும் நாம் ரகசியமாகக் கடிதம் எழுதினோம், எல்லாம்.

சக்கரம் சுற்றி நிற்கும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எத்தனை மணி பஸ்?" என்று கேட்டார்.

நீ எழுதவே இல்லையே, அண்ணா. சீக்கிரம் சொல். இந்த முறை வீட்டு ஃபோனுக்கே அடி.

வாண்டு